தியாரே வேலியும் என் தலை அளவும்

மாவுக்கே தீவு
ஆகஸ்ட், செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் மரேவாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மருமகனும் பேரனும் ஆண்டவர் கிருபையில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் சுகம் என்றுதான் எழுத வேண்டும், உடம்பைக் கேட்டால் சுகம்தான், சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், முழங்கால்கூட இந்தக் குளிருக்கு முன்போலப் பிடிப்பதில்லை. மற்றதைக் கேட்காதே. போனில் நீ பேசிக்கொண்டே இருக்கிறாய், நான் ‘ம்’ போட்டுக்கொண்டே இருக்கிறேன், பிறகு இருவரும் வைத்துவிடுகிறோம். அப்பா ஏன் இப்படி ஆகிவிட்டார் என்று நீ தெபாயெரு பெரியம்மாவிடம் கேட்டது எனக்கும் வந்து சேர்ந்தது. அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். பெரியம்மாவின் மருமகன் வியாழக்கிழமை விமானத்தில் ரரோதோங்கா போய் அங்கிருந்து பிரிஸ்பேன் வருகிறான், அவன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். அவன் எதையும் தொலைக்கிற ஆள், உனக்குத் தெரியும், ஆனாலும் வேறு ஆள் இல்லை.

போன மாதம் நீ சொன்னதற்குப் பதில்தான் இந்தக் கடிதம். அக்டோபரில் அம்மாவின் கல்லறைக் கல்லைப் போர்வை நீக்கித் திறக்கும் நாளுக்கு வருகிறாயா என்று கேட்டேன். நீ சொன்னாய், “அம்மா அந்த ஏர்போர்ட் கம்பி ஓரத்துல தலைமாலையோட நிக்காம, வெறுந்தலையோட நான் எப்படிப்பா இறங்கி நடந்து வருவேன், என்னால முடியாது.” நான் சரி என்றேன். எதைச் சரி என்றேன் என்று எனக்கே தெரியவில்லை, வாய் சொல்லிற்று. அம்மா இறந்த அதே வாரம்தான் உனக்கு அறுவை செய்து பிள்ளை எடுத்தார்கள், விமானம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், இங்கேயோ உடலை வைத்துக்கொண்டு காத்திருக்க வசதி இல்லை, அடக்கத்துக்கு நீ வரவில்லை என்று ஒருவரும் குறை சொல்லவில்லை. ஆனால் கல் திறக்கும் நாளிலும் நீ இல்லாவிட்டால், பிறகு நீ இந்தத் தீவுக்கு வரவே மாட்டாய் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு தடவை தள்ளிப்போட்டால் அப்புறம் தள்ளிப்போடுவது லேசாகிவிடும். அப்படி வராமலே போனவர்களின் வீடுகளைத்தான் நம் தெருவில் பார்த்திருக்கிறாயே, ஜன்னலுக்குள் பப்பாளி முளைத்து நிற்கிறது.

வேலியைப் பற்றி உனக்குச் சொல்லாமல் வைத்திருந்தேன், இப்போது சொல்லிவிடுகிறேன். அம்மா இருந்தவரை நம் வீட்டுத் தியாரே வேலியில் ஒரு பூ விரிந்து நான் பார்த்ததில்லை. சூரியன் வருமுன் எல்லாவற்றையும் மொட்டாகவே கிள்ளி ஈரத்துணியில் சுற்றி ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவாள், நான் வெண்ணெய் தேடினால் அந்த டப்பாதான் கையில் வரும். வேண்டுமோ வேண்டாமோ தினமும் பறிக்க வேண்டும் என்பாள், பறித்தால்தான் அது இன்னும் தரும், விட்டுவிட்டால் யாருக்கு வந்த விருந்தோ என்று சும்மா நின்றுவிடும் என்பாள். அவளை வீட்டின் முன்னால் அந்த வேலிக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்தோம், இரண்டாம் நாள் காலையில் நான் வாசலுக்கு வந்தேன், வேலி முழுக்க வெள்ளையாக விரிந்திருந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் என்ன அழகு என்று நின்று பார்த்தார்கள். அழகு என்று எனக்கும் தெரிந்தது, சாப்பாட்டில் உப்பு சரியாக இருக்கிறது என்று தெரிகிற மாதிரி, அவ்வளவுதான். மறுநாள் பழுப்பாகி உதிர்ந்தன, அடுத்த நாள் வேறு பூக்கள், பிறகு குறைந்துகொண்டே வந்து நின்றுபோனது. அப்புறம் எறும்பு ஏறிற்று, தண்டெல்லாம் செதில்பூச்சி, இலையெல்லாம் கரி படிந்து அடுப்பில் வைத்த சட்டி போல ஆயிற்று. நான் தினமும் அதைத் தாண்டித்தான் கிழங்குத் தோட்டத்துக்குப் போனேன். பார்த்தேன், போனேன், வந்தேன். சோப்புத் தண்ணீர் போட்டுக் கழுவினால் போய்விடும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

நீ போனில் அப்படிச் சொன்ன அடுத்த சனிக்கிழமை கப்பலில் வந்த கல்லை நிறுத்தினோம். உன் சித்தப்பா ஆப்போரோ சிமெண்ட் குழைக்க வந்தவன், கை சும்மா இருக்காதே அவனுக்கு, கத்தியை எடுத்து வேலி முழுவதையும் முழங்கால் உயரத்துக்கு வெட்டித் தள்ளிவிட்டான். நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கல் ரோட்டிலிருந்து தெரிய வேண்டாமா என்றான். அவன் என்னையும் பார்த்துவிட்டுக் கல்லையும் பார்த்துவிட்டு, “அண்ணே, நீங்க இப்படியே உக்காந்திருந்தீங்கன்னா அக்டோபர்ல எந்தக் கல்லுக்குப் போர்வை போத்துறதுன்னு போதகருக்கே குழப்பம் வந்துடும்” என்றான். சிமெண்ட் குழைத்த மற்றவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அந்த நேரம் பார்த்துப் பெரியம்மா வேலைக்காரர்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள், கிழங்குக் கீரையும் தேங்காய்ப்பாலும் போட்டு ஒரு பெரிய பானை. பானையைத் தரையில் வைத்தாள், வெட்டிக் கிடந்த கிளைகளைப் பார்த்தாள், அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள் அவனை. தங்கை செத்து வருஷம் முடியவில்லை, அவள் வேலியையும் அடக்கம் பண்ணிவிட்டாயா, கல் என்ன எழுந்து ஓடியா போய்விடும், அது தெரிந்தால் என்ன தெரியாவிட்டால் என்ன என்று நிறுத்தாமல் கேட்டாள். செடிதானே வளர்ந்துவிடும் என்றான் இவன். வளரும், கிறிஸ்துமஸுக்கு வளரும், மரேவா அக்டோபரில் வரும்போது அவள் தலைக்கு எதை வைப்பாய், உன் மீசையையா என்று கேட்டாள். அப்போதுதான் நான் நாற்காலியிலிருந்து சொன்னேன், அவள் வருவது நிச்சயமில்லை என்று. நீ சொன்ன வார்த்தையையும் அப்படியே சொன்னேன்.

பெரியம்மா உன்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, வண்டியில் ஏறுங்கள் என்றாள். அவள் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதைப் பார்த்திருக்கிறாய், பின்னால் உட்காருவதற்கு முன் ஜெபம் பண்ணிக்கொள்வது நல்லது. எங்கே போகிறோம் என்றும் நான் கேட்கவில்லை. ஒவ்வொரு வீட்டு முன்னாலும் நிறுத்தினாள், வேலியைக் காட்டினாள், இது தங்கை கிமியோரா கொடுத்த குச்சி, இதுவும், அதோ கோயில் பக்கம் நிற்கிறதே அதுவும் என்றாள். எனக்கும் ஞாபகம் வந்தது. யார் வந்து கேட்டாலும் அம்மா ‘இல்லை’ என்று சொன்னதில்லை, ஒரு சாண் நீளம், கணுவுக்குக் கீழே வெட்டி, நுனியில் இரண்டு இலையை மட்டும் விட்டு மற்றதை உருவி, தேங்காய் மட்டைத் தூளில் செருகி, வேர் விட்ட பிறகுதான் கொடுப்பாள், வெறும் குச்சியாகக் கொடுத்தால் கொன்றுவிடுவார்கள் என்பாள். நம் வேலியை ஆடு தின்றதைவிட ஊர் தின்றதுதான் அதிகம் என்று நான் முணுமுணுத்திருக்கிறேன். பெரியம்மா வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பி என்னிடம் சொன்னாள், “விதை போட்டு முளைச்சா அது பிள்ளை. குச்சி வெச்சு முளைச்சா பிள்ளை இல்லைங்க, அதே செடிதான். ஆப்போரோ வெட்டுனது ஒரு கையைத்தான், மிச்ச உடம்பு ஊர் பூரா நிக்குது.” நான் தலையாட்டினேன். அவள் சொன்னது சரி என்று தெரிந்தது, மனதில் எதுவும் அசையவில்லை.

எல்லா வீட்டிலும் அவள் உத்தரவு ஒன்றுதான், அக்டோபர் முடியும்வரை வேலியில் கத்தி படக்கூடாது, இன்றிலிருந்து தினமும் மொட்டைக் கிள்ள வேண்டும், குளிர்காலம் என்று சோம்பல்படக்கூடாது, துணி அலசிய தண்ணீரை வேருக்கு விட வேண்டும், ப்ளீச் போட்ட தண்ணீர் ஆகாது. பெரும்பாலும் சரி சரி என்றார்கள். கடைக்காரி மாத்தா மட்டும் மல்லுக்கு நின்றாள். குச்சி உங்கள் தங்கை கொடுத்ததுதான், இத்தனை வருஷமாகத் தண்ணீர் ஊற்றியது யார், பன்றி கிளறாமல் கல் அடுக்கியது யார், ஞாயிற்றுக்கிழமை என் தொப்பிக்கு நான் எங்கே போவேன் என்று கேட்டாள். பெரியம்மா, உன் தொப்பிக்குக் காகிதப்பூ வைத்துக்கொள், போதகருக்குக் கண் மங்கிவிட்டது, அவருக்குத் தெரியாது என்றாள். மாத்தா சிரித்துவிட்டாள், அதோடு முடிந்தது. ஆனால் திரும்பும்போது அவள் என்னிடம் வந்து, மெதுவாகத்தான் கேட்டாள், பொண்ணு வருவாளா என்று. தெரியாது என்றேன்.

அந்த வாரத்திலிருந்து நானும் ஒரு வேலை வைத்துக்கொண்டேன். வெட்டிய கட்டைகளைச் சோப்புத் தண்ணீரால் கழுவினேன், எறும்புப் புற்றைக் கிளறினேன், அடியில் தேங்காய் மட்டையும் காய்ந்த புல்லும் பரப்பினேன், கோழி கிளறாமல் பவளக்கல் சுற்றி வைத்தேன். ஆசையாகச் செய்தேன் என்று நினைத்துக்கொள்ளாதே, காலையில் எழுந்தால் ஏதாவது செய்ய வேண்டுமே என்று செய்தேன். இப்போது கணுக்கணுவாகத் தளிர் வந்திருக்கிறது, பளபளவென்று இருக்கிறது, அக்டோபருக்குள் இதில் ஒரு மொட்டுகூட வராது, அதை உனக்கு உள்ளபடி சொல்லிவிடுகிறேன். நம் வேலியின் பூ உன் தலைக்கு இந்தத் தடவை இல்லை.

போன சனிக்கிழமை பெரியம்மா ஒரு டப்பா மொட்டோடு வந்தாள், ஊரிலிருந்து சேர்ந்தது, மாத்தா வீட்டுப் பங்குதான் அதிகம். தலைமாலை கட்டிப் பார்க்க வேண்டும், கை மறந்துவிடக்கூடாது என்றாள். வாழை நாரை முறுக்கி வளையம் போட்டாள், நான் கிழங்குத் தோட்டத்துக்குக் கிளம்பினேன், எங்கே போகிறீர்கள், உட்காருங்கள் என்று அதட்டினாள். உட்கார்ந்தேன். வளையத்தை என் தலையில் வைத்தாள், இறுக்கமாக இருக்கிறது என்று அவிழ்த்து மறுபடி முறுக்கி வைத்தாள். இது யாருக்கு என்று கேட்டேன். மரேவாவுக்கு என்றாள். மரேவாவுக்கு என்றால் என் தலையில் எதற்கு வைக்கிறாய் என்றேன். அவள் கையை நிறுத்திவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். “இத்தனை வருஷம் உக்காந்தீங்களே, உங்களுக்குத் தெரியாதா? பொண்ணுக்கு உங்க தலைங்க. இந்தத் தீவுல வேற யார் தலையில அளந்தாலும் அவளுக்குப் பத்தாது. கிமியோரா தன் தலையில அளந்து ஒரு தடவை கட்டி, அது உங்க பொண்ணு உச்சியில தட்டு மாதிரி உக்காந்துச்சு, அதுலருந்துதான் உங்களைக் கூப்பிட ஆரம்பிச்சா.”

எனக்குத் தெரியாது மரேவா. நீ வரும் நாளெல்லாம் அவள் என்னைக் கிழங்குத் தோட்டத்திலிருந்து கூப்பிடுவாள், நான் சேற்றுக்காலோடு வந்து படியில் உட்காருவேன், வளையத்தை என் தலையில் வைப்பாள், எடுப்பாள், போங்கள் என்பாள். ஏதோ அவளுக்கு ஒரு விளையாட்டு, மனிதனை வேலையிலிருந்து இழுப்பதில் ஒரு சந்தோஷம் என்று நினைத்துச் சலித்துக்கொள்வேன். ஒரு தடவைகூட ஏன் என்று கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. பிள்ளையின் தலை பெரிதாக இருந்ததால்தான் அறுவை செய்தார்கள் என்று நீ போனில் சொன்ன அன்று, அவள் என் தலையைப் பார்த்துப் பார்த்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது, தண்ணீர் கொடுத்தேன். அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை கடையிலிருந்து வந்து தலை வலிக்கிறது என்று படுத்தவள்தான், பிறகு எழவில்லை. அந்தச் சிரிப்புக்கு இப்போதுதான் எனக்கு முழு அர்த்தம் தெரிகிறது.

பெரியம்மா பூவைக் கட்டி முடித்து என் தலையில் வைத்து அளவு பார்த்தாள். அடுப்பில் ஏதோ வைத்துவிட்டு வந்தேன் என்று ஓடிவிட்டாள். நானும் எழுந்து வேலையைப் பார்த்தேன், பன்றிக்குத் தேங்காய் உடைத்தேன், மண்ணெண்ணெய் தீர்ந்திருந்தது, கடைக்குப் போனேன். மாத்தா கல்லாவில் இருந்தாள், உள்ளே ஆறேழு பேர், எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கேனை வாங்கிக்கொண்டு வெளியே வந்து கதவுக் கண்ணாடியில் பார்க்கிறேன், தலைமாலை தலையிலேயே இருக்கிறது. அம்மா போன பிறகு நான் பூ வைத்ததே இல்லை, கோயிலுக்குக்கூட இல்லை. மாத்தா பின்னாலேயே வந்து, கழற்ற வேண்டாம், வாசனை கடை முழுக்க நிற்கிறது, நன்றாக இருக்கிறது என்றாள். பூவோடு சேர்ந்து நாரும் மணக்கும் என்பார்கள், மணந்திருக்கும் போல. எனக்குத்தான் மணம் தெரியவில்லை, இன்னும் தெரியவில்லை. அழுகையும் வரவில்லை, அதையும் உன்னிடம் மறைக்க விரும்பவில்லை, எல்லோரும் காத்திருக்கிறார்கள், நானும் காத்திருக்கிறேன், வரவில்லை. ஆனால் மாலையைக் கழற்றாமல் வீடுவரை நடந்து வந்தேன்.

அங்கே நீ கடையில் வாங்கித் தொட்டியில் வைத்த தியாரே மஞ்சளடிக்கிறது என்று சொன்னாய், நான் ‘ம்’ என்றேன், இப்போது சொல்கிறேன். அதற்கு உங்கள் ஊர்க் குளிர்காலம் ஆகாது, வடக்குச் சுவர் ஓரமாக வெயில் படும்படி நகர்த்து, தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காதே, தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். தொடர்ந்து உரம் போட்டுக் கொஞ்சாதே, இது சுண்ணாம்புக்கல் சந்தில் வளர்ந்த ஜாதி, அதிகம் கொடுத்தால் இலையாகவே போகும். முதல் மொட்டு வந்தால் பாவம் என்று விட்டுவைக்காதே, கிள்ளு. மருமகனிடம் சொல், பிள்ளையைத் தொட்டிப் பக்கம் விட வேண்டாம், மண்ணைத் தின்பான், நீ தின்றவள்தான். ரொட்டியே சாப்பிட்டுக்கொண்டு பால் கொடுக்காதே, கிழங்கு அங்கேயும் கிடைக்கும் என்று பெரியம்மா சொல்லச் சொன்னாள்.

இனி நான் சொல்ல வந்தது. கம்பி ஓரத்தில் அம்மா நிற்கமாட்டாள், அதற்கு என்னிடம் மருந்து இல்லை. அவள் நின்ற கம்பத்துக்குப் பக்கத்தில் நான் நிற்பேன். கையில் தலைமாலை இருக்கும், அதன் பூ ஊரார் வேலிப் பூ, ஆனால் பெரியம்மா சொன்ன கணக்கில் அம்மாவின் பூதான். கட்டுவதும் நான்தான், மாதம் முழுக்கப் பெரியம்மாவிடம் பழகப்போகிறேன், என் விரலுக்கு மொட்டு பாதி நசுங்குகிறது, போகப் போகச் சரியாகும். அளவு மட்டும் தவறாது. உன் தலைக்கு அளவு வைத்திருந்த ஆள் போய்விட்டாள், அளவு இங்கேதான் இருக்கிறது, என் கழுத்துக்கு மேலே, அது தெரிந்த பிறகு உன்னிடம் ‘சரி’ என்று சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். வா மகளே.

ஆண்டவர் உங்கள் மூவரையும் கண்ணிமை போலக் காக்கட்டும், போகையிலும் வருகையிலும் கூட இருக்கட்டும், அம்மாவின் ஆசீர்வாதமும் என்னுடையதும் உங்கள் மேல் இருக்கும். மறக்காதே, விமானத்தில் வரும்போது முடியை உச்சியில் தூக்கிக் கட்டிக்கொள்ளாதே, தழைய விட்டுக்கொள், மாலை இறங்க வேண்டும். என் பெயரைப் பேரனுக்கு வைத்தாய், தலையும் அதுதான் என்கிறார்கள், அவனுக்கும் ஒன்று கட்டுகிறேன். பெரியம்மா அவன் தலையை நூலால் அளந்து அனுப்பச் சொல்கிறாள். நூல் அனுப்பாதே. தலையைக் கொண்டு வா.

உன் அப்பா,
தமாருவா